எழுபது பேர்ல நீயும் ஒருத்தன், மருமகனே

உன் பேரு பட்டியல்ல வந்துருச்சாமே மருமகனே, சந்தோஷம். நம்ம ஊர்ல தலைக்கட்டு முந்நூறு. அதுல கொடைக்கானல் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது பதினோரு வீட்டுக்குத்தான். மிச்ச வீட்டுக்காரங்க பூரா நம்மளப் பாக்குற பார்வையே சரியில்ல. நேத்து டீக்கடையில எனக்கு மட்டும் சீனி போடல. எனக்குச் சர்க்கரை வியாதினு யாரோ சொன்னாங்களாம். யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும். அவன் பேரும் பட்டியல்ல இல்ல.

என் தம்பி பேத்திக்கு என்ன ஆசைன்னா, மண்டபம் வேண்டாம், மைக்செட்டு வேண்டாம், மலை மேல புல்தரையில, திறந்தவெளியில, எழுபது பேரு முன்னால கழுத்தை நீட்டணும். பெங்களூர்ல சம்பாதிக்கிற பிள்ளை, தன் காசுல பண்ணுது, நாம என்ன சொல்றது? நம்ம கிணத்துமேட்டுல நின்னா தெரியிற மலைதான். எங்கய்யா காலத்துல அங்க போறவன் வாழைத்தார் ஏத்திட்டு வரத்தான் போவான். இப்ப அதே மலைக்குப் போக உன் மச்சான் புதுசா கோட்டு தைக்கக் குடுத்திருக்கான். தைக்கட்டும். கோட்டு புதுசு, ஆளு பழசாச்சே, அதுதான் என் கவலை. அதான் உன்னையத் தனியாக் கூப்பிட்டேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. வாட்ஸாப்புல வந்த பத்திரிகைக்குப் பதில் போட்டியா? போட்டிருக்க மாட்டே. நம்மாளு வர்றேன்னும் சொல்ல மாட்டான், வரலைன்னும் சொல்ல மாட்டான். “பாப்போம்”பான். ஆயிரம் பேரு சாப்பிடுற மண்டபத்துல உன் “பாப்போம்” அண்டாச் சோத்துல கரைஞ்சு போயிரும். எழுபது தட்டுல எங்கிட்டுக் கரையும்? அங்க தலைக்கு இவ்வளவுன்னு பேசி முன்பணம் கட்டியிருக்கு. ரூமுக்கு இத்தனை பேருன்னு எழுதியிருக்கு. வரலைன்னா உன் சோத்துக்கும் கட்டிலுக்கும் அந்தப் பிள்ளை தண்டம் அழணும். சொல்லாம நாலு பேரைக் கூட்டிட்டுப் போனா இன்னும் மோசம். பத்திரிகையை நல்லாப் பாத்தியா? “சுற்றமும் நட்பும் சூழ”ன்னு போடவே இல்ல. உன் பேரும் உன் சம்சாரம் பேரும்தான் போட்டிருக்கு. “நம்ம பிள்ளைகதானே, மடியில உக்காந்துக்கிரும்”ன்னு சொல்லாத. உன் பெரியவனுக்கு மீசை மொளைச்சிருச்சு.

பிள்ளைகளையும் கூட்டிட்டு வரணும்னா நேராப் பொண்ணோட அண்ணனுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுரு. இல்லைன்னு சொன்னா மூஞ்சியத் தூக்காத. அந்தப் பயலப் பத்தி இப்பவே சொல்லிர்றேன். மண்டபத்துல காண்ட்ராக்டர், சமையக்காரன், மேனேஜர்னு ஓடியாட ஒரு பட்டாளம் நிக்கும். இங்க உனக்கு எது குறைஞ்சாலும் ஓடுறது அவன் ஒருத்தன்தான். வெந்நி இல்லையா, அவன். மாத்திரை மறந்துட்டியா, அவன். செருப்பு அந்துபோச்சா, அதுக்கும் அவன்தான். அங்க கடை தெருமுக்குல இருக்காது மருமகனே, கடைக்குப் போகணும்னா வண்டி எடுக்கணும். பாவம், தங்கச்சி கழுத்துல தாலி ஏறுறதை அவனும் பாக்கணுமில்ல?

அதனால உன் பிரஷர் மாத்திரை, உன் அத்தையோட முட்டிவலித் தைலம், சார்ஜர், டார்ச்சு லைட்டு எல்லாத்தையும் இங்கிருந்தே கட்டிக்கிட்டுப் போ. டவர் அங்கங்க கிடைக்காது. போற எடத்துப் பேரையும் வழியையும் ஒரு பேப்பர்ல எழுதிச் சட்டைப்பையில வச்சுக்க. ஆளு சிரிச்சாச் சிரிக்கட்டும், பள்ளத்துல வண்டிய நிறுத்திட்டு போனைத் தலைக்குமேல தூக்கிக்கிட்டு நிக்கிறவனைப் பாத்து நாம சிரிப்போம்.

வண்டின்னதும் ஞாபகம் வருது, இ-பாஸ் எடுத்தியா? “கொடைக்கானலுக்குப் போக நமக்கு எதுக்குடா பாஸு”ங்காத. ஐகோர்ட்டு சொல்லி 2024 மே 7ஆம் தேதியிலருந்து அது நடப்புல இருக்கு. 2025 சீசன்ல வார நாளுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 6,000 வண்டின்னு கோர்ட்டே கணக்கு வச்சுச்சு. நம்ம கல்யாணம் வைகாசி மாசம், அதுவும் ஞாயித்துக்கிழமை. ஊர் உலகம் பூரா அன்னிக்குத்தான் மலையேறும். கெளம்புற அன்னிக்குக் காலையில பல்லு விளக்கிக்கிட்டே பாஸு எடுத்துக்கலாம்னு இருந்தே, செக்போஸ்ட்டுல நின்னு, “நான் பொண்ணுக்குப் பெரியப்பா முறை”ன்னு சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அவன் முறையெல்லாம் பாக்க மாட்டான், மொபைலத்தான் பாப்பான். தேதி குறிச்ச அன்னிக்கே எடுத்து வச்சிருக்கணும், இன்னிக்காவது எடு.

அப்புறம் தண்ணி பாட்டில். அஞ்சு லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டில் மலை மேல ஆகாது. புடிச்சா பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஒரு கேஸு வாங்கிட்டுப் போய்ப் பெருமைக்கு ஆளுக்கொண்ணு குடுக்கலாம்னு உன் மச்சான் யோசனை பண்றான். வரியோட சேத்துக் கணக்குப் போடச் சொல்லு. நம்ம வீட்டுல எவர்சில்வர் தூக்கும் செம்பும் சும்மாதானே கெடக்கு.

முந்துன நாளே ஏறிரணும். சீசன் ஞாயித்துக்கிழமைல வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட வண்டி நின்னா நின்னதுதான். அங்க அருவியில தண்ணி இருக்கோ இல்லையோ, ரோட்டுல காரு இருக்கும். முகூர்த்தம் காலையில ஆறு மணிக்கு மேல ஏழரைக்குள்ள. அன்னிக்கே போய்க்கிறேன்னு சொல்றவன் தாலி கட்டினதை வீடியோவுலதான் பாக்கணும்.

வத்தலக்குண்டைத் தாண்டினதும் வளைவு ஆரம்பிக்கும். அதுக்கு மின்னாடி உன் சம்சாரம் முட்டைப் புரோட்டா கடையில நிறுத்தச் சொல்லும். நிறுத்தாத. வயித்தைக் காயவும் போடாத, ரெண்டு இட்லியோட முடிச்சுக்க. பிரயாண மாத்திரை போடுறவங்க மலையேற அரைமணிக்கு மின்னாடியே போட்டுறணும். குமட்டுனப்புறம் போட்டா மாத்திரையும் சேந்து வெளியில வந்துரும். போனைக் குனிஞ்சு பாக்காம ரோட்டைப் பாத்துக்கிட்டு வந்தாலே பாதிக் குமட்டல் நின்னுரும். அதுக்கு முன் சீட்டுத்தான் நல்லது. முன் சீட்டு வயசானவங்களுக்குன்னு ஒரு மரியாதை உண்டு, உனக்கே தெரியும். உன் வண்டியில வயசானவன் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும். இது மலைச் சட்டம். திரும்பி வரும்போது எந்த கியர்ல ஏறினியோ அதுலயே இறங்கு. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டாத. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா அது காஞ்சு போயி, வேணுங்கிற நேரத்துல புடிக்காது. உன் மச்சானுக்கு இதை ரெண்டு தடவை சொல்லு.

இனி துணிமணி. இங்க வேர்வையில சட்டை முதுகுல ஒட்டுதேன்னு நெனைச்சுக்கிட்டுப் போகாத. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல, நம்ம கணக்குல ஏழாயிரம் அடி. வைகாசியிலயே ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும். விடியக்காலம் ஆறு மணிக்குப் புல்தரையில உக்காரணும், ஞாபகம் வச்சுக்க. பட்டுச்சேலைக்கு மேல ஸ்வெட்டர் போட்டா அழகு போயிரும்னு உன் சம்சாரம் சொல்லும். சொல்லட்டும். நீ ஒரு நல்ல சால்வையாப் பாத்து வாங்கிக் குடுத்து, “இது பட்டுக்குத் தோதான கலரு”ன்னு சொல்லிரு. குளிரும் விட்டுரும், நீயும் நல்லவனாயிருவே. உள்ளுக்குள்ள ஒரு பனியன் கூடப் போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?

காலுக்கு என்ன போடுறதுன்னு கேளு. குதிகால் ஒசந்த செருப்புப் போட்டுக்கிட்டு ஈரப் புல்லுல எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் நாத்து நடுற மாதிரி இறங்கும். புடுங்கித்தான் அடுத்த அடி வைக்கணும். தட்டையான செருப்பு, அதோட ஒரு காலுறை, அவ்வளவுதான். பனியில கொசுவம் நனையும், சேலையக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லு. வேட்டிக்கும் அதே சட்டம்.

மாப்பிள்ளைப் பையன நெனைச்சாத்தான் பாவமா இருக்கு. அந்தக் குளிர்ல வெத்து மேலோட உக்காரணும். ஆனா அவனுக்கு அக்னிகுண்டம் பக்கத்துல இருக்கு. அன்னிக்கு ஐயரைவிட அக்னிக்குத்தான் மரியாதை ஜாஸ்தி இருக்கும், பாரு. நம்ம சொந்தக்காரங்க பூரா திடீர்னு பக்தி முத்தி ஓமகுண்டத்துக்குக் கிட்ட கிட்ட நகருவாங்க. நீ நகராத. திறந்தவெளியில காத்து எந்நேரம் எந்தப் பக்கம் திரும்பும்னு அந்த ஐயருக்கே தெரியாது. மொதல் அஞ்சு நிமிஷம் குளிர் காய்ஞ்சவன் அடுத்த அஞ்சு நிமிஷம் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிப்பான். வீடியோவுல பாக்குறவன், “பெரியப்பா எப்படி உருகிட்டாரு”ம்பான்.

பத்து மணிக்கு வெயில் வரும். இதமா இருக்கேன்னு நீயும் நாற்காலியத் தூக்கிட்டுப் போய் வெயில்ல போடுவே. உசரத்துக்குப் போகப் போக வெயிலோட காந்தல் ஜாஸ்தி, குளிர்க் காத்துல அது ஒறைக்காது. சாயங்காலம் கண்ணாடி பாக்கும்போதுதான் மூக்கு உரிஞ்சிருக்கிறது தெரியும். ஒரு தொப்பி இல்லாட்டி துண்டாவது தலையில போட்டுக்க.

மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்கும், மழை தூறுனாலும் தூறும். கொடைக்கு வைகாசியில அது வாடிக்கை. இதுவே ஐப்பசி, கார்த்திகைன்னா அடைமழை, புல்லு பூரா அட்டை. பிள்ளை ஏதோ யோசனை பண்ணித்தான் மாசம் பாத்திருக்கு. தூத்தல் விழுந்தா ஷெட்டுக்குள்ள வாங்கன்னு கூப்பிடுவாங்க. கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போயிரு, உன் நாற்காலிய நீயே தூக்கிக்க. குடை விரிச்சா பின்னால இருக்கறவனுக்கு உன் குடைதான் கல்யாணம், அதனால மழைக்கோட்டா எடுத்துக்க. நம்ம கிழவிக ரெண்டு மூணு, “பொண்ணு சின்னதுல பச்சரிசி தின்னிருக்கும், அதான் மழை”ன்னு ஆரம்பிக்கும். தின்னுச்சுதான், எனக்கே தெரியும், எங்க வீட்டுக் குதிருல கைய விட்டுத் தின்ன பிள்ளைதான். அன்னிக்கு அதைச் சொல்ல வேண்டாம்னு கிழவிககிட்டச் சொல்லி வையி.

சாப்பாடு. உன்னைப் பத்தின நெசமான பயம் எனக்கு இங்கதான். பந்தி எப்பப் போடுவாங்கன்னு சமையக்கட்டுப் பக்கம் போய் நின்னுக்கிட்டு, “என்னய்யா இன்னுமா சோறு வேகல”ன்னு கேப்பே. வேகாது மருமகனே. அந்த உசரத்துல தண்ணி 100 டிகிரி வரைக்கும் போகாது, 93 வாக்குல கொதிச்சுரும். கொப்பளிக்கும், ஆனா சூடு அவ்வளவுதான். அரிசி மெதுவா வேகும், பருப்பு அதைவிட மெதுவா. குக்கர்ல வச்சாத்தான் கட்டும். கீழருந்து போன சமையக்காரனா இருந்தா அவனே முழிச்சுக்கிட்டு இருப்பான், நீ போய் அவனுக்குச் சமையல் சொல்லிக் குடுக்காத. பையில கொஞ்சம் முறுக்கும் வேர்க்கடலையும் வச்சுக்க. வெளியில எடுத்துத் திங்காத, அதுக்குக் காரணம் இருக்கு.

காரணம் குரங்கு. பழமும் பையும் அதுக்கு ஒண்ணுதான். தாம்பூலப் பையக் கையில ஆட்டிக்கிட்டு நடந்தே, தேங்காய் உனக்கு மிஞ்சாது. பிள்ளைக பாவம்னு பழம் போடும், போட்டா அது சொந்தபந்தத்தோட வரும். அதுக கணக்குல ஆளுக்கொரு பத்திரிகையெல்லாம் கிடையாது.

காட்டுமாடு வேற. கொடைக்கானல் ஊருக்குள்ளயே ரோட்டோரத்துல சாவகாசமா மேயும். பெரிய கெடா ஒரு டன்னு வரைக்கும் இருக்கும். நம்ம ஜல்லிக்கட்டு மாடுதானேன்னு உன் மச்சான் திமில் தேடப் போயிருவான், போட்டோவாவது எடுத்துக்கிறேன்பான். அது நின்னு பாக்குதுன்னா போஸு குடுக்குதுன்னு அர்த்தமில்ல. ஓடாம, சத்தம் போடாம, வந்த வழியே பின்னால வந்துரணும். ராத்திரி ரூமுலருந்து சாப்பிடப் போகும்போது டார்ச்சு இல்லாம போகாத. அதுவும் புல்தரைதான் தேடும், நம்ம கல்யாணமும் புல்தரையிலதான்.

அப்புறம் இந்தச் சுத்திப் பாக்குற ஆசை. வந்ததும் வந்தோம், தூண்பாறை பாப்போம், குணா குகை பாப்போம்னு முகூர்த்த நேரத்துல காணாமப் போயிராதீங்க. 1991ல வந்த குணா படத்துக்காக ஒரு கூட்டம் போய்க்கிட்டிருந்துச்சு, 2024ல அந்தக் குகையை வச்சு ஒரு மலையாளப் படம் வந்தப்புறம் ரெண்டு கூட்டம். ஏரி எங்கயும் போயிராது. மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை 1863ல உண்டாக்கின ஏரி, திங்கக்கிழமையும் அங்கயேதான் கெடக்கும். குறிஞ்சிப்பூ பாக்கணும்னு உன் சம்சாரம் கேட்டா, 2018ல பூத்துருச்சு, இனிமே 2030லதான்னு சொல்லிரு. ஒரு எடம் மிச்சம். சாக்லேட்டும் மலைப்பூண்டும் இறங்குற அன்னிக்கு வாங்கலாம்.

மத்த சமாச்சாரத்தையும் சொல்லிர்றேன். குளிருக்கு இதமா இருக்குமேன்னு ராத்திரி ரெண்டு பேரு ஓரமா ஒதுங்குவீங்க. நான் பாக்கலைன்னு நெனைச்சுக்கிருவீங்க. சரக்கு உள்ள போனா சூடு ஏறுற மாதிரி தெரியும், ஆனா ஒடம்புச் சூடு தோல் வழியா வெளியில போயிக்கிட்டே இருக்கும். காலையில ஜன்னி வந்த மாதிரி நடுங்கினா அந்த அண்ணன்காரப் பயதான் ஆஸ்பத்திரி தேடி ஓடணும். பத்து மணிக்கு மேல பாட்டுச் சத்தம் கூடாது, 2000லயே போட்ட சட்டம் அது, காலையில ஆறு மணி வரைக்கும். சரளமாப் பாடுற ஆளுன்னு உனக்கு ஒரு நெனப்பு உண்டு, அதுக்கும் சேத்துத்தான் அந்தச் சட்டம்.

தாலி கட்டுற நேரத்துல போனைத் தூக்கிக்கிட்டு முன்னால போய் நிக்காத. அதுக்கு ரெண்டு பேரு வாடகைக் கேமராவோட நிக்கிறான். எழுபது பேர்ல எழுபது பேரும் படம் புடிச்சா அட்சதை போட யாரு இருப்பா?

கடைசியா மொய். குத்துவிளக்கு, எவர்சில்வர் அண்டா, சாமி படம்னு எதையும் மலைக்கு ஏத்தாத. பொண்ணு மாப்பிள்ளை அதைக் கீழ இறக்கணும், பெங்களூருக்குத் தூக்கணும், அங்க இருக்கறது ரெண்டு ரூம் வீடு. உன் அண்டாவை வச்சா அவங்க வெளியில நிக்கணும். 2021 ஜனவரியிலயே நம்ம மதுரையில ஒரு கல்யாணத்துல பத்திரிகையிலயே கியூஆர் கோடு அச்சடிச்சாங்க, பேப்பர்ல வந்துச்சே. இந்தப் பிள்ளையும் ஒரு கோடு வச்சிருக்கு. ஆனா அவசரப்பட்டு அமுக்கிராத. அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஊரு சமுதாயக்கூடத்துல வரவேற்பு வைக்கிறோம். டீக்கடைக்காரன்லருந்து முந்நூறு தலைக்கட்டுக்கும் அழைப்பு, ஆட்டுக்கறிச் சாப்பாடு, பிள்ளைகுட்டி எல்லாம் கூட்டிட்டு வரலாம், பதில் போட வேண்டியதில்ல. உன் “பாப்போம்” அங்க செல்லும். மொய் நோட்டு எழுதுறது நான்தான். மலையிலயே போனுல போட்டுட்டேன் மாமான்னு சொல்லிக்கிட்டு கைய வீசிட்டு வந்தேன்னா, “வரவு கொடைக்கானல்”னு உன் பேருக்கு நேரா எழுதி, மைக்குல நானே வாசிப்பேன்.